பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று யார் சொல்வது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் சீன மூலிகை டீயைப் பற்றி வந்த அரைப் பக்கக் கட்டுரையைப் படித்தேன். சர்க்கரை குறையும், ரத்தக்கொதிப்பு அடங்கும், கிட்னி கல் கரையும், தொப்பை வற்றும், தூக்கம் வரும் என்று ஒரே டீக்கு இத்தனை பெருமை. அதில் என்னென்ன போடுகிறார்கள் என்பதற்கு மட்டும் ஒரு வரி இல்லை. ‘அரிய மூலிகைகள்’ என்று இரண்டு இடத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். கீழே மூலையில் விலையும் போன் நம்பரும் இருந்தன. இது கட்டுரையா விளம்பரமா என்று எங்கள் வீட்டில் காலை டிபன் முடியும் வரை பேச்சு ஓடியது.

நான் ஆம்பூரில் ஷூ கம்பெனி ஒன்றில் சாம்பிள் ரூமிலும், அப்புறம் தரம் பார்க்கிற பிரிவிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். (ஆம்பூர் இப்போது திருப்பத்தூர் மாவட்டம் என்கிறார்கள். எங்கள் வயதுக்காரர்களுக்கு எல்லாம் வட ஆற்காடுதான்.) கம்பெனி வேலையாகச் சீனாவில் குவாங்டொங் மாகாணத்தில் சில வருடங்கள் இருந்தேன். டொங்குவான் பக்கம் ஹோஜியே என்று ஓர் ஊர், திரும்பின பக்கமெல்லாம் ஷூ தொழிற்சாலை. நீங்கள் எழுதியிருக்கும் டீக்குச் சொந்த ஊரே அந்தக் குவாங்டொங்தான். அதனால் இந்தக் கடிதம் கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் விஷயம், அதில் பெரும்பாலும் தேயிலையே கிடையாது. நம்மூரில் கஷாயம் என்போமே, அதுதான். அங்கே ‘லியாங் சா’ என்பார்கள், குளிர்ச்சி டீ. ஹாங்காங் பழைய கடைகளில் பளபளவென்று தேய்த்து வைத்த பித்தளை அண்டாக்கள் இருக்கும், அடியில் குழாய். மேசைமேல் கிண்ணங்களில் ஊற்றி மூடி வைத்திருப்பார்கள். வேலைக்குப் போகிறவன் நின்றபடியே ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் காசை வைத்துவிட்டுப் போவான். ‘இருபத்து நாலு சுவை’ என்று ஒன்று உண்டு. பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது, இருபத்து நாலும் கசப்பே. நிறமும் வாசனையும் ஏறக்குறைய நம் நிலவேம்புக் குடிநீர். குடித்து முடித்ததும் வாய் கசக்காமல் இருக்க, இனிப்புப் போட்டு உலர்த்திய ஆரஞ்சுத் தோலோ புளிப்புப் பழ வில்லையோ ஒன்று கொடுப்பார்கள்.

கசப்பு வேண்டாதவர்களுக்கு ஐந்து பூ டீ. சாமந்தி, ஹனிசக்கிள், கோயில் வாசலில் நிற்கிற ஈழத்தலரி, இலவம்பூ, இன்னொரு பூ அந்தந்தக் கடையின் வழக்கப்படி. இலவம் குவாங்சோ நகரத்தின் சொந்தப் பூ. வசந்த காலத்தில் சாலையோரத்தில் சிவப்புச் சிவப்பாகக் கொட்டிக் கிடக்கும். பாட்டிமார்கள் பையோடு வந்து பொறுக்கிக்கொண்டு போய் வெயிலில் காய வைப்பார்கள். நம்மூரில் அதே மரத்தில் பஞ்சு வெடிக்கிறதைத்தான் பார்த்திருக்கிறோம், பூவைக் காய்ச்சலாம் என்று யாருக்கும் தோன்றியதில்லை.

இந்தக் கடைகளில் எனக்குப் பிடித்தது டீ அல்ல, விசாரணை. எங்கள் தொழிற்சாலைக்கு எதிரே இருந்த கடைக்கார அம்மா கேட்டதையெல்லாம் எடுத்துக் கொடுக்க மாட்டார். என் கூட வந்த லைன் லீடர் பெண் மொழிபெயர்ப்பாள். தொண்டை கரகரப்பா, வாய்ப்புண்ணா, ராத்திரி கண் விழித்தாயா, வெளிக்குச் சரியாகப் போகிறதா, நாக்கை நீட்டு. எல்லாம் கேட்டுவிட்டுத்தான் இந்த அண்டாவா அந்த அண்டாவா என்று முடிவு. கர்ப்பிணிகளுக்குக் கசப்பு டீ கிடையவே கிடையாது. வயிறு காலியாக இருக்கிறதா என்று கேட்பார். தினமும் வந்து நின்றால் திட்டித் துரத்துவார். ஒரு தடவை நல்ல ஜலதோஷத்தோடு போய் நின்றேன். என் மூக்கைப் பார்த்துவிட்டு, உனக்கு இது வேண்டாம், போய் இஞ்சித் தண்ணீர் குடி என்று திருப்பி அனுப்பினார். வந்த வியாபாரத்தை வேண்டாம் என்ற அந்த அம்மாவையும், போன் நம்பர் போட்டுச் சகல வியாதிக்கும் ஒரே பொட்டலம் விற்கிறவரையும் ஒரே ‘சீனப் பாரம்பரியம்’ என்று உங்கள் கட்டுரை சேர்த்துவிட்டது. எனக்குக் கோபம் வந்தது அங்கேதான்.

இந்த டீ எதற்கு? உடம்புச் சூட்டுக்கு. வறுத்ததும் பொரித்ததும் தின்று, ராத்திரி முழித்து, வாயில் கொப்புளம், முகத்தில் பரு, தொண்டையில் எரிச்சல், கண்கட்டி. நம் பாட்டிகள் ‘சூடு பிடித்துவிட்டது’ என்று எதையெல்லாம் சொல்வார்களோ, அதையெல்லாம் அங்கேயும் அப்படியே சொல்கிறார்கள். ஆம்பூர் பிரியாணியை இரண்டு நாள் தொடர்ந்து சாப்பிட்டவனுக்கு இதை விளக்கவே வேண்டாம். அந்த ஊரில் சர்க்கரை வியாதிக்கென்றோ கல்லுக்கென்றோ யாரும் அந்தக் கடையில் வந்து நின்று நான் பார்த்ததில்லை.

சரி, சரித்திரமும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், கட்டுரையில் ‘ஐயாயிரம் ஆண்டு’ என்று இருந்ததால். இன்று உலகமெங்கும் சிவப்பு டின்னில் விற்கிற வாங் லாவ் ஜி என்ற டீயின் கதை 1828-ல் குவாங்சோவில் வாங் சேபாங் என்பவர் தொடங்கிய கடையிலிருந்து வருகிறது. 2006-ல் சீன அரசு குளிர்ச்சி டீயைத் தன் தேசியப் பண்பாட்டுச் சொத்துப் பட்டியலில் சேர்த்தது. அந்தச் சிவப்பு டின் யாருக்குச் சொந்தம் என்று இரண்டு கம்பெனிகள் வருடக்கணக்காகக் கோர்ட்டில் சண்டை போட்டு, 2017-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் இரண்டு பேருமே வைத்துக்கொள்ளுங்கள் என்று தீர்ப்புச் சொன்னது. நம்மூர் பங்காளிச் சண்டையில்கூட இவ்வளவு சுமுகமான தீர்ப்பு வராது. அந்த டின்னின் பொருள் பட்டியலைப் படித்தால் தண்ணீருக்கு அடுத்தபடி இருப்பது சர்க்கரை. சர்க்கரை நோயாளிகளுக்குச் ‘சீன மூலிகை டீ’யைப் பொத்தாம்பொதுவாகச் சிபாரிசு செய்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அதற்கப்புறம்தான் மூலிகைகள் வரும்: துளசிக் குடும்பத்துச் செடி ஒன்று, ஈழத்தலரி, சாமந்தி, ஹனிசக்கிள், அதிமதுரம், இன்னும் சில. மூலிகைகளின் பெயரை டின்னிலேயே போட்டிருக்கிறான், பாருங்கள்.

கட்டுரையில் நோபல் பரிசுக் கதையும் இருந்தது. 2015-ல் சீன விஞ்ஞானி தூ யூயூ அம்மையாருக்குப் பரிசு கொடுத்தது மலேரியா மருந்துக்காக, டீக்காக அல்ல. அந்தக் கதையே டீக்கு எதிரானது. நாலாம் நூற்றாண்டில் கோ ஹோங் என்ற வைத்தியர், சிங்ஹாவ் என்ற செடியைத் தண்ணீரில் ஊற வைத்துப் பிழிந்து சாற்றைக் குடிக்கச் சொல்லி எழுதி வைத்திருந்தார். கொதிக்க வைக்கச் சொல்லவில்லை. சூடு காட்டினால்தான் மருந்து கெட்டுப்போகிறதோ என்று அம்மையாருக்கு அதைப் படித்துத்தான் பொறி தட்டியது. குறைந்த சூட்டிலேயே கொதிக்கிற ஈதர் என்ற திரவத்தை வைத்துப் பிரித்தெடுத்தார்கள், பலித்தது. இன்றைக்கும் அந்தச் செடியை டீயாகப் போட்டு மலேரியாவுக்குக் குடிப்பதை உலக சுகாதார நிறுவனம் ஆதரிக்கவில்லை. அளவு போதாது, அரைகுறை அளவில் கொடுத்தால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும் என்ற பயம். இந்த அம்மையாரின் படத்தை டீப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் அச்சடித்திருக்கிறீர்கள்.

நம் வேலூருக்கு வருகிறேன். அரசன் இல்லாத கோட்டை, தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை என்று நம் ஊரைக் கேலி செய்கிறவர்கள் வெயிலை மட்டும் இல்லையென்று சொல்ல மாட்டார்கள். கத்திரி வந்தால் சத்துவாச்சாரியில் மொட்டை மாடித் தொட்டித் தண்ணீர் மாலை ஆறு மணிக்கும் கை வைக்க முடியாமல் இருக்கிறது. ஆனால் நம் வெயில் வேறு, குவாங்டொங் வெயில் வேறு. அங்கே காற்றே ஈரம். வசந்த காலத்தில் சுவர் வியர்க்கும், துவைத்த சட்டை மூன்று நாளானாலும் காயாது, சாம்பிள் ரூமில் தோலில் பூஞ்சை பிடித்துவிடும் என்று ராத்திரியெல்லாம் ஈரம் உறிஞ்சும் மெஷின் ஓடும். உடம்பில் சூட்டோடு ஈரமும் தங்கிவிட்டது, அதை இறக்க வேண்டும் என்பதுதான் அவர்கள் கணக்கு. இங்கே பாலாற்று மணலும் பாறை மலையும் சேர்ந்து நம்மை உலர்த்துகிறது. உடம்பிலிருந்து போவது தண்ணீரும் உப்பும். போனதைத் திருப்பிக் கொடுக்கிற மோரும், உப்புப் போட்ட கூழும், இளநீரும், நுங்கும் இங்கே மருந்து. இதற்கு மேல் வயிற்றையும் சிறுநீரையும் இளக்குகிற கஷாயத்தை மே மாதத்தில் தினமும் குடித்தால் என்ன ஆகும்?

என்ன ஆகும் என்பதை எங்கள் வீட்டிலேயே பார்த்தோம். என் மைத்துனி காட்பாடியில் இருக்கிறார். ரத்தக்கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவர், அதில் சிறுநீர் பிரிய வைக்கிற மாத்திரையும் ஒன்று. லாட்ஜுகள் நிறைந்த தெருவில் ஒரு கடையில், ‘சீன மூலிகை டீ, உடல் எடைக்கும் சிறுநீரகத்துக்கும்’ என்று ஒரு பொட்டலம் வாங்கியிருக்கிறார். பச்சை அட்டைப் பெட்டி, மேலே ஒரு டிராகன், உள்ளே டிப் டிப் பைகள். வெளியூரிலிருந்து வைத்தியத்துக்கு வருகிறவர்கள் நிறைய வாங்கிப்போகிறார்கள் என்று கடைக்காரர் சொன்னாராம். சில வாரத்தில் காலில் வலுவே இல்லை, மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்துவிட்டார். ரத்தம் எடுத்துப் பார்த்தால் பொட்டாசியம் ரொம்பக் கீழே. டாக்டர் மாத்திரைகளையெல்லாம் வரிசையாகக் கேட்டுவிட்டு, வேறு ஏதாவது நாட்டு மருந்து உண்டா என்றார். மைத்துனிக்கு டீ நினைவுக்கே வரவில்லை. “மாமா, அது டீதானே, மருந்துன்னு யார் நினைப்பாங்க?” என்று அப்புறம் என்னிடம் கேட்டார்.

பெட்டியைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தேன். மூலிகைப் பெயர் ஒன்றுகூட இல்லை. இறக்குமதி செய்தவர் பெயர் இல்லை, உணவுப் பாதுகாப்பு உரிம எண் இல்லை. ஒரு பையைக் கிழித்துத் தட்டில் கொட்டினேன். தூளோடு தூளாக, மஞ்சளாக நார் நாராக ஏதோ இருந்தது. நாக்கில் வைத்தால் முதலில் ஒன்றுமில்லை, கொஞ்ச நேரம் கழித்து அடித்தொண்டையில் ஓர் இனிப்பு வந்து போகாமல் நின்றது. பாட்டுக் கச்சேரிக்காரர்கள் தொண்டைக்கு வாயில் அடக்கிக்கொள்வார்களே, அந்த அதிமதுரத்தின் இனிப்பு. கூடவே இலைத் துண்டுகள். நிலாவாரை என்று எனக்குச் சந்தேகம்.

அதிமதுரம் கெட்ட பொருள் இல்லை. இருமலுக்கு ஒரு துண்டு மென்றால் ஒன்றும் ஆகாது. ஆனால் அதிலுள்ள கிளிசரைசின் என்ற சத்து, தினமும் போனால் உடம்பில் உப்பையும் நீரையும் தங்க வைத்துப் பொட்டாசியத்தை வெளியே தள்ளும், ரத்தக்கொதிப்பை ஏற்றும். ரத்தக்கொதிப்புக்காக மாத்திரை சாப்பிடுகிறவருக்கு இது நேர் எதிர். சிறுநீர் மாத்திரைகளில் சிலதும் பொட்டாசியத்தைக் குறைக்கும். நிலாவாரை பேதி மருந்து. ‘மெலிய வைக்கும் டீ’ என்று உலகமெங்கும் விற்பதில் பலவற்றில் அதுதான் முக்கியச் சரக்கு. குறைவது கொழுப்பல்ல, வயிற்றில் இருப்பதும் நீரும், அதோடு பொட்டாசியமும். வேடிக்கை என்னவென்றால் நிலாவாரைக்கு உலகச் சந்தையிலேயே ‘தின்னவேலி சென்னா’ என்றுதான் பெயர், திருநெல்வேலிச் சீமையிலிருந்து கப்பலேறுகிற சரக்கு. டிராகன் படம் போட்டு நம் ஊர் இலையையே நமக்கு விற்கிறார்களோ என்னவோ.

என் மைத்துனிக்கு அதிமதுரத்தால்தான் இப்படி ஆனது என்று நான் அடித்துச் சொல்லவில்லை. சொல்ல முடியாது. அதுதான் என் புகாரே. பெயர் போட்டிருந்தால் டாக்டர் ஒரு பார்வையில் கண்டுபிடித்திருப்பார். வேலூருக்கு நாடெங்கிலுமிருந்து சிறுநீரகத்துக்கும் இதயத்துக்கும் வைத்தியம் தேடி வருகிறார்கள். அவர்கள் கை நிறைய மாத்திரை வைத்திருக்கிறவர்கள். இந்த ஊர்க் கடையில் பெயரில்லாத பொட்டலம் விற்பது மற்ற ஊரில் விற்பதைவிட மோசம்.

இது என் வீட்டுக் கதை மட்டும் அல்ல. 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் மெலிவதற்காகச் சீன மூலிகை மருந்து சாப்பிட்ட நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களுக்குச் சிறுநீரகம் பழுதானது. ஒரு மூலிகைக்குப் பதில் பெயர் ஒத்த இன்னொரு மூலிகை கலந்துவிட்டது. கலந்தது நம் ஆடுதீண்டாப்பாளையின் உறவுச் செடி, அந்தக் குடும்பத்தில் இருக்கிற அமிலம் சிறுநீரகத்தைத் தின்றுவிடும், புற்றுநோயையும் கொண்டுவரும். 2017-ல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் ஒரே கடையில் வாங்கிய மூலிகை டீயைக் குடித்த இருவர் உயிருக்குப் போராடினார்கள், அதில் ஒரு பெண் இறந்துபோனார். டீயில் இருந்தது வசநாபி. நம் சித்த வைத்தியர்கள் நாவி என்று சொல்லிச் சுத்தி செய்யாமல் தொடவே மாட்டார்கள். சீன வைத்தியர்களும் அப்படித்தான், மணிக்கணக்கில் வேக வைத்துப் பக்குவம் செய்துதான் தருவார்கள். பக்குவமும் தெரியாமல் பெயரும் தெரியாமல் விற்கிறவர் கையில்தான் அது விஷம்.

சீனத்துச் சரக்கே ஆகாது என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நல்ல சாமந்தி டீ எனக்கு இன்றைக்கும் பிடிக்கும். ஹாங்சோ பக்கத்து வெள்ளைச் சாமந்தி, ஆவியில் காட்டி உலர்த்தினது, கண்ணாடித் தம்ளரில் வெந்நீர் விட்டால் ஒவ்வொரு பூவாக மறுபடி விரியும். கண் எரிச்சலுக்கு நல்லது என்பார்கள். எனக்குக் கண் எரிச்சல் போனதோ இல்லையோ, தம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தால் மனது லேசாகும். ஆனால் இதைப் படித்துவிட்டு நேதாஜி மார்க்கெட்டில் கால் கிலோ சாமந்தி வாங்கிக் கொதிக்க வைக்காதீர்கள். அது மாலைக்கு வளர்த்த பூ, எத்தனை தரம் மருந்தடித்தார்கள் என்று விற்கிறவருக்கே தெரியாது. சாப்பிடுவதற்கென்று வளர்த்தது வேறு.

2012-ல் டெங்கு வந்தபோது நம் அரசு மருத்துவமனைகளில் நிலவேம்புக் குடிநீர் கொடுத்தார்கள். அது எவ்வளவு தூரம் கேட்கிறது என்று அன்று தொடங்கிய வாதம் இன்னும் ஓயவில்லை, நான் அதற்குள் போகவில்லை. ஆனால் அதில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் சந்தேகம் கிடையாது. நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சைவேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம். ஒன்பது. இதில் நிலவேம்பும் கோரைக்கிழங்கும் சீன வைத்தியத்திலும் புழங்குகிற சரக்குகள். எந்த டாக்டரிடமும் இந்தப் பட்டியலை நீட்டலாம்.

காலில் போடுகிற ஷூவுக்கே, மேல்பாகம் என்ன, உள்பாகம் என்ன, அடிப்பாகம் என்ன என்று சின்னம் ஒட்டினால்தான் ஐரோப்பாவில் கடைக்குள் போகும். அந்தச் சின்னம் ஒட்டாத பெட்டியை நான் பாஸ் பண்ணியதே கிடையாது, ஷிப்மென்ட் நின்றாலும் சரி என்று திருப்பி அனுப்பியிருக்கிறேன். வயிற்றுக்குள் போகிற பொருளுக்கு உங்கள் பக்கத்தில் அந்தச் சோதனை நடக்கவில்லை.

சட்டமும் உங்களுக்குத் தெரியாததல்ல. 1954-ஆம் ஆண்டு மருந்து, மந்திர வைத்திய விளம்பரச் சட்டத்தில் நீரிழிவு, ரத்தக்கொதிப்பு, சிறுநீரகக் கல், புற்றுநோய் எல்லாம் பட்டியலிலேயே இருக்கின்றன. இவற்றைக் குணமாக்கும் என்று மருந்து விளம்பரம் செய்யக் கூடாது. கட்டுரை என்று தலைப்புப் போட்டுப் போன் நம்பர் கொடுத்தால் அது விளம்பரம் ஆகாதா என்பதை உங்கள் வழக்கறிஞர் சொல்லட்டும்.

நான் கேட்பது இரண்டே விஷயம். இனி எந்த மூலிகைப் பானத்தைப் பற்றி எழுதினாலும், சீனத்துடையதோ சித்தர்களுடையதோ, அதில் உள்ள சரக்குகளைப் பெயர் சொல்லி அச்சிடுங்கள். யார் குடிக்கக் கூடாது என்பதையும் அதே எழுத்து அளவில் போடுங்கள். எங்கள் தொழிற்சாலை எதிரே இருந்த அந்த அம்மா எழுதப் படிக்கத் தெரியாமலே செய்த வேலை அது.

அப்புறம், உங்கள் கட்டுரையாளரிடம் அந்த டீயின் மூலிகைப் பட்டியலைக் கேட்டு வாங்கி வெளியிடுங்கள். என் மைத்துனிக்கு அடுத்த மாதம் செக்கப் இருக்கிறது, டாக்டர் பெட்டியையும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். அதற்குள் வந்தால் பேப்பரைக் கத்தரித்துப் பெட்டியோடு கொடுத்துவிடுவேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற காலணித் தொழிலாளர் ஒருவர்,
சத்துவாச்சாரி, வேலூர்.